பச்சை பூசிய தெரு

மார்ச் 4, திங்கள்

எதிரில் எவரும் அமராத அவையே, கைதட்டத் தெரியாத தாள்களே, கேளுங்கள்! எங்கள் தெருவுக்கு இன்று தண்ணீர்ச் சுமையுந்து வரவில்லை. குழாயில் நான்கு நாள்களுக்கு ஒருமுறை அரை மணி நேரம் நீர் கசியும் தெரு இது. ஒன்றுவிட்டு ஒருநாள் அந்த ஊர்தி வருவதால்தான் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் உலை கொதிக்கிறது. என் அக்காளின் சலவைக்கூடமும் நடக்கிறது. நண்பகல் வரை வாளிகள் வரிசையில் நின்றன. நகராட்சிக்குப் பேசினேன். "உங்க தெரு இலக்கை அடைஞ்சிடுச்சும்மா, வாழ்த்துகள்," என்றது ஒரு குரல்.

வாழ்த்துகளாம். வெற்று வாளிக்கு வாழ்த்து. சீ!

மார்ச் 5, செவ்வாய்

நகராட்சியின் இரண்டாம் மாடியில் இலக்குப் பிரிவு. அதன் அதிகாரியைத் தெருவில் பச்சைப்புள்ளி என்பார்கள். நகர வரைபடத்தில் இலக்கை எட்டாமல் சிவப்பாய் இருக்கும் தெருக்களைப் பச்சையாக்குவதே அவர் பணி. உலக நாடுகள் கூடி வகுத்த பதினேழு இலக்குகளும் பதினேழு நிறங்களாய் அவர் சட்டையில் குத்திய வட்டப் பதக்கத்தில் மின்னின. ஆறாவது தண்ணீர். சுவரில் எங்கள் தெருவைப் பார்த்தேன். பச்சை. பாசி படிந்ததுபோல் ஒரு பச்சை.

"லாரி சிவப்புத் தெருவுக்குத்தாம்மா. பச்சைக்கு எப்படி அனுப்புறது?"

யார் பச்சையாக்கியது என்று இரைந்தேன். அவர் சினக்கவில்லை, தட்டில் இருந்த பிஸ்கட்டை என் பக்கம் நகர்த்தினார். கணக்கெடுக்கச் சென்ற பெண்ணிடம் ஒரு வீடு விடாமல் தண்ணீர் நாள்தோறும் வருகிறது என்று சொல்லியிருக்கிறார்களாம். "நூத்துக்கு நூறும்மா. எந்தத் தெருவுலயும் இப்படி வந்ததில்லை. எல்லாம் நீங்க பேசின பேச்சு."

பிஸ்கட் தட்டைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினேன்.

ஆம், நான்தான் பேசினேன். சனவரியில் இதே மனிதர் வீடு தேடி வந்தார். தெரு இலக்கை எட்டினால் மாதிரித் தெருவாகும், உலக மாநாட்டார் பார்வையிட வருவார்கள், இரண்டாம் குழாய்த்தடம் தானாய் வரும் என்றார். நம்பினேன். கணக்கெடுப்புக்கு முந்திய மாலை, தெருமுனையில் கவிழ்த்த பெட்டியின்மேல் ஏறி முழங்கினேன்: "உலக ஏட்டில் கையேந்தும் தெரு என்று நம் பெயர் ஏறலாமா? கேட்க வருவோர் முன் தலை தாழலாமா? வருகிறது என்று நிமிர்ந்து சொல்லுங்கள்!" எத்தனை கைதட்டல்! அன்று உறங்கும்போதுகூட அது காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போதும் கேட்கிறது.

மார்ச் 6, புதன்

அக்காளிடம் இன்னும் சொல்லவில்லை. தெரு எனக்கு வைத்த பெயர் அஞ்சாத நாவாம். அஞ்சுகிறதே.

மார்ச் 8, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கூடத்துக்குள் நுழையும்போதே புளித்த நாற்றம் முகத்தில் அறைந்தது. தாய்சேய் மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள், நாளொன்றுக்கு அறுபது. முதல் தொட்டியில் ஊறவைத்தவற்றை இரண்டாம் தொட்டியில் அலசாமல் காயப்போட முடியாது. இரண்டாம் தொட்டி காய்ந்து வெடித்திருந்தது. மூன்று நாளாய் ஊறும் துணியின்மேல் சாம்பல் நிறப் படலம் படர்ந்திருந்தது. அக்காள் கையை முழங்கை வரை அதில் விட்டபடி நின்றாள். அவள் கணவரான மாமா, குழாயின் வாயில் காதை வைத்துக் காற்று சீறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவமனைத் தலைமைச் செவிலி வந்து போயிருக்கிறாள். கறையோடு இன்னும் ஒரு விரிப்பு வந்தாலும் வேலை வேறிடம் போய்விடுமாம். இம்மாத இறுதி வரை பொறுப்பாளாம். பத்தொன்பது ஆண்டுகள் இவர்கள் செய்த வேலை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்ச் சுமையுந்து மீண்டும் வரும்வரை ஓயமாட்டேன் என்று முடித்தேன்.

அக்காள் கையை வெளியே எடுக்கவே இல்லை. "லாரின்னு சொல்லுடி. லாரி. உனக்கு அது கூட வாயில வராதா?"

பிறகு மெல்லச் சொன்னாள்: "அந்தப் பொண்ணு வந்து கேட்டப்ப, நாலு நாளைக்கு ஒரு தரம்னுதான் சொல்ல வந்தேன். உன் மானம் போயிடுமேன்னு முழுங்கிட்டேன். போ, என் கண்ணு முன்னால நிக்காதே."

மாமா வாசல் வரை வந்தார். அவர் பேசியிருந்தால் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

மார்ச் 11, திங்கள்

பச்சைப்புள்ளி அழைத்தார். வியாழனன்று உலக இலக்குகள் மாநாடு நம் நகர மண்டபத்தில். மக்கள் குரல் என்ற தலைப்பில் எனக்கு மூன்று நிமிடம். என்ன வேண்டுமானாலும் பேசலாமாம், "நன்றியா ரெண்டு வார்த்தை இருந்தா நல்லாயிருக்கும்." கணக்கை மாற்ற முடியுமா என்று கேட்டேன். இருபத்திரண்டாம் தேதி வரை மறுப்புத் தெரிவிக்கலாம், வீட்டுக்கு வீடு கையொப்பம் வேண்டும், ஆனால் இதுவரை எவரும் தந்ததில்லை என்றார்.

கையொப்பம் எதற்கு? உலகமே செவிமடுக்கும் மேடை கிடைத்திருக்கிறது. மூன்று நிமிடத்தில் அந்தப் பச்சையை உரித்தெறிவேன்.

மார்ச் 13, புதன்

ஆறாம் இலக்கின் விளக்கத்தை முழுவதும் படித்தேன். ஏளனம் செய்வதற்காகத்தான் கையில் எடுத்தேன். இயலவில்லை. வீட்டிலேயே கிடைக்க வேண்டும், தேவைப்படும் வேளையில் கிடைக்க வேண்டும், தூயதாய் இருக்க வேண்டும் என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். எழுதியவருள் ஒருவராவது குடம் சுமந்தவராய் இருக்கக்கூடும். இவ்வளவு நல்ல சொற்களைக் கொண்டா எங்கள் வாளியைக் கவிழ்த்தார்கள்? கெட்ட சொற்களால் கவிழ்த்திருந்தால்கூட இவ்வளவு அருவருப்பு எழாது.

அருவருப்பதற்கு எனக்கு என்ன தகுதி? கவிழ்த்த கைகளில் ஒன்று என்னுடையது.

மார்ச் 14, வியாழன்

மண்டபத்தின் குளிர் எலும்பைத் துளைத்தது. ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு தண்ணீர்ப் புட்டி. ஒரு மிடறு குடித்துவிட்டு எழுந்து போனார்கள். பணியாள் வந்து பழையதைக் கூடையில் வீசிப் புதியதை வைத்தான். அந்தக் கூடையைப் பார்த்தபடியே முன்பகல் முழுதும் இருந்தேன். உலகின் தாகத்தைப் பற்றி ஒருவர் நாற்பது படங்கள் காட்டினார். ஒரு படத்தில் குடம் ஏந்திய பெண்; எவருடைய அக்காளோ. படம் மாறியதும் அவளும் போனாள்.

மூன்று மணிக்கு ஏறினேன். மூன்று நிமிடம். என் வாழ்நாளின் மிகச் சிறந்த உரை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. "புனலற்ற தெருவின் புலம்பலைப் புகழ்ச்சியெனப் பொறித்த ஏடுகாள்! பொய்ம்மை மொழியுமாறு எம் மக்களைப் பணித்த நாவினள் யானே!" என்று தொடங்கினேன். என் குற்றத்தை ஒளிக்கவில்லை. தெருவின் பெயரைச் சொன்னேன். பச்சையை அழிக்கச் சொன்னேன்.

மொழிபெயர்ப்பைக் காதுக்கருவியில் கேட்டிருந்த அவை எழுந்து நின்று கைதட்டியது. வெளிநாட்டு அம்மையார் ஒருவர் கண் துடைத்தபடி என் கையைப் பற்றிக் குலுக்கினார். பச்சைப்புள்ளியும் கைதட்டினார்.

அவர் ஏன் தட்ட வேண்டும்?

வெளியேறும்போது திறக்காத இரண்டு புட்டிகளை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். எவரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மார்ச் 15, வெள்ளி

மாநாட்டுச் செய்திமடலில் என் படம். கீழே: "தம் தெரு இலக்கை எட்டியதற்கு நெஞ்சம் நெகிழ்ந்து நன்றி கூறினார்."

இரண்டாம் நாள் அமர்வு நடந்துகொண்டிருந்தது, ஓடினேன். கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்து என் உரையை மொழிபெயர்த்த பெண், படிக்கட்டடியில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். மடலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பேசினதுல முதல் வரியே எனக்குப் பிடிபடலை. புகழ்ச்சின்னு ஒண்ணு காதுல விழுந்துச்சு, தெரு பேரு விழுந்துச்சு. மீதி என்னன்னு யோசிக்கிறதுக்குள்ள நீங்க அடுத்ததுக்குப் போயிட்டீங்க. நிறுத்தவும் முடியாது. மேடையில ஏறுறவங்க எல்லாரும் நன்றிதானே சொல்வாங்கன்னு, அதையே சொல்லிட்டேன்."

அவளைத் திட்டுவதற்குச் சொல் தேடினேன். எத்தனையோ வந்தன. எல்லாம் அவளுக்குப் புரியாதவை.

"நீங்க என்னதான்மா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். தண்ணி நாலு நாளைக்கு ஒரு தரம்தான் வருது. தினமும் வருதுன்னு சொல்லச் சொன்னது நான்தான். இப்ப லாரியை நிறுத்திட்டாங்க.

"இவ்வளவுதானா," என்றாள் அவள்.

இவ்வளவுதான்.

மார்ச் 16, சனி

அந்தக் கைதட்டல் முழுவதும் நன்றிக்கு; என் தமிழ் பிடிபடாமல் பச்சைப்புள்ளியும் அந்த நன்றிக்கே தட்டியிருக்கிறார். சனவரியில் கிடைத்த கைதட்டல் பொய்க்கு. உண்மைக்கு நான் இதுவரை ஒன்றுகூடப் பெற்றதில்லை.

மார்ச் 18, திங்கள்

மறுப்புப் படிவத்தை வாங்கிவந்து தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். பெட்டி இல்லை, ஒலிவாங்கி இல்லை. பத்து வீடு முடிப்பதற்குள் கால் வீங்கியது. அதைவிட முகம் எரிந்தது. கதவைத் திறந்ததும் என்னைக் கண்டு மூடியவர்கள் மூவர்.

தையற்காரர் மட்டும் உட்காரச் சொன்னார். "அன்னிக்கு வருதுன்னு சொல்லச் சொன்னீங்க, சொன்னோம். இன்னிக்கு வரலைன்னு சொல்லச் சொல்றீங்க. நாளைக்கு மழைன்னு சொல்லச் சொன்னா, நாங்க குடை பிடிக்கணுமாம்மா?"

உள்ளே அவர் மனைவி சிரிப்பது கேட்டது. "நான் சொல்றதை எழுத வேண்டாம்ண்ணே. உங்க வீட்டுல எப்ப வருதோ, அதை மட்டும் எழுதுங்க," என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு எழுதுகோலை வாங்கிக்கொண்டார்.

மார்ச் 19, செவ்வாய்

அறுபத்தெட்டு வீடுகள். தொண்டை கட்டியிருக்கிறது, உரத்துப் பேசியதால் அல்ல, ஒன்றையே மெல்லத் திரும்பத் திரும்பச் சொன்னதால். கதவை மூடிய மூவரில் ஒருத்தி தானே தேடிவந்து எழுதிக்கொடுத்தாள். தையற்காரர் அனுப்பினாராம்.

மார்ச் 20, புதன்

தையற்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இதுவரை மொத்தம் முந்நூற்று நாற்பத்தொன்று. அக்காள் வீட்டை மட்டும் இரண்டு முறை கடந்து போனேன்.

மார்ச் 21, வியாழன்

மறுப்புடன் ஒரு விண்ணப்பமும் வைக்க வேண்டும். எழுதினேன், நான்கு பக்கம். படித்துப் பார்த்தேன். அந்தக் கண்ணாடிக் கூண்டுப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. கிழித்தேன். பிறகு ஐந்து வரி எழுதி எடுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனேன்.

அவள் கறை போகாத விரிப்பொன்றைச் சுவரோரம் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்காமல், "படி," என்றாள். படித்தேன். முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"நீ எழுதினதுல எனக்கு முழுசாப் புரிஞ்சது இதுதாண்டி." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மாமாவையும் கூப்பிட்டாள். பிறகு, எங்கோ பார்த்தபடி, "நாளைக்கு நானும் வர்றேன். இந்த விரிப்பையும் எடுத்துட்டு வரேன். அந்த ஆளு மோந்து பார்க்கட்டும்," என்றாள்.

மார்ச் 22, வெள்ளி

பச்சைப்புள்ளியின் அறையில் இதை எழுதுகிறேன். விரிப்பு அவர் மேசைமேல், பிஸ்கட் தட்டுக்கு அருகே கிடக்கிறது. சன்னலைத் திறந்து வைத்திருக்கிறார். முந்நூற்றுத் தொண்ணூற்று ஆறு கையொப்பங்களையும் ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறார். பதக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டார், ஏனென்று தெரியவில்லை. அக்காள் எனக்கு அருகில் அமர்ந்திருக்கிறாள். வெளியே படிக்கட்டு முழுதும் எங்கள் தெரு. என்னை எவரும் பேசச் சொல்லவில்லை. விண்ணப்பத்தை அக்காள்தான் உரக்கப் படித்தாள். நகலை இங்கே ஒட்டுகிறேன்:

எங்க தெருவுல தண்ணி நாலு நாளைக்கு ஒரு தரம்தான் வருது.
தினமும் வருதுன்னு நாங்க சொன்னது பொய்.
எங்க தெருவைத் திரும்பச் சிவப்பாக்குங்க.
ரெண்டாவது குழாய் எப்பப் போடுவீங்கன்னு எழுதிக் குடுங்க.
லாரியை இன்னிக்கே அனுப்புங்க.