நௌஷினின் தலையணை வீடு

மச்சான்,

மீன் ஆணம் அடுப்பில் இருக்கிறது. நௌஷினுக்கு முள் எடுத்துக் கொடுங்கள்.

அவள் தலையணையால் வீடு கட்டி, புயல் வந்து இடிப்பதுபோல் விளையாடினால் அதட்டாதீர்கள். நேற்று நீங்கள், "புயல், வெள்ளம்னு முசீபத்த வூட்டுக்குள்ள கூப்பிடாத" என்று திட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனதும் மறுபடி கட்டினாள். நிஜப் புயல் வந்துபோன பிறகு தினமும் அவள் விளையாட்டில் பொம்மைகள் வெள்ளத்தில் மூழ்கித்தான் போகும். நேற்று எல்லாவற்றையும் மாடியேற்றிவிட்டாள்.

"உம்மா, இந்தத் தடவ எல்லாரும் தப்பிச்சிட்டாங்க."

இரவு என் கையைப் பிடிக்காமலே தூங்கினாள். ஆறு வயதில், யாரும் சொல்லித்தராமல் தன் பயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

சஃபியா

பி.கு.: "புயலன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. அவள் விளையாட்டில் நீங்கள் துபாயில் இல்லை. பொம்மைகளை மாடிக்குத் தூக்கிப்போனது வாப்பாதான்.