இருநூற்றுப் பதினான்கு தெருக்கள்

ஜூன் 20, 2071. 09:10

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்தக் குறிப்பு யார் கையில் கிடைத்தாலும் சரி, தவறு யார் மேல் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

முதலில் வழக்கமானவை. விண்வெளி நிலையத்தின் உயரம் 35,786 கி.மீ. மூன்று ஆன்டெனாக்களும் சீராக உள்ளன. காற்று, நீர் சரி. ஆள் ஒருவன். வயது ஐம்பத்திரண்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. எடையற்ற இடத்தில் சக்கர நாற்காலி தேவைப்படாது என்றுதான் என்னை அனுப்பினார்கள்.

இருபத்தேழாம் தேதி, தன்பாலீர்ப்பாளர், திருநர் எல்லோரும் கூடும் வானவில் விழா. புயலில் அறுந்த இணையக் கம்பிகள் இன்னும் சரியாகவில்லை. படுக்கையிலும் நாற்காலியிலும் இருக்கும் நம்மவர்கள் என் நிலையத்தின் உபரி அலைவரிசை வழியாகத்தான் கூடப்போகிறார்கள்.

இனி, தவறு. மூன்று வருடம் முன்பு விழா ஊர்வலத்துக்குச் சாய்தளம் வேண்டும் என்று விழாக் குழுவுக்கு எழுதினோம். சாய்தளம் வரவில்லை. கேட்டவர்களின் பட்டியல், பெயர் முகவரியோடு, பொதுவெளிக்குப் போனது. “தவறுதலா போயிடுச்சு சார்” என்றாள் குழுத்தலைவி யுவராணி. ஒரு வாரத்தில் வீட்டுக்காரர் என்னைக் காலி செய்யச் சொன்னார். அக்கா இன்றுவரை பேசவில்லை.

ஜூன் 23. 11:40

விழாவில் சேர்பவர்களுக்கான நுழைவுப் பூட்டு தயார். இந்த முறை விதி என்னுடையது. பட்டப்பெயர் மட்டும் போதும். முகவரி, எண், இருப்பிடம் எல்லாம் நுழையும் கணத்திலேயே அழியும். நானே நினைத்தாலும் மீட்க முடியாது.

யுவராணியின் செய்தி: “சார், பாதிப் பேர் மெஷின்ல மூச்சு விடுறவங்க. அவசரத்துக்கு ஒரு எண்ணாவது சீல் வச்சு வாங்கிக்கலாமே?”

என் பதில்: “உங்க கையில பட்டியல் குடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.”

எனக்குத் திருப்தியாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 27. 16:05

விழா தொடங்கியது. நூற்றுப் பதினேழு பேர். வசன வரிகள், சைகைமொழிச் சாளரம் இரண்டும் சரியாக ஓடுகின்றன. பார்வையற்றவர்களுக்காக ஒவ்வொருவரும் தன் தோற்றத்தைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

“நான் மீன்கொத்தி. நாப்பத்தாறு வயசு. நைட்டி, மேல வானவில் துப்பட்டா.” கண்ணசைவால் எழுதுகிறாள், கருவி படிக்கிறது. வென்டிலேட்டரில் இருப்பவள்.

“நைட்டி என்ன கலரு? துணிக்கடைக்காரன் மாதிரி விவரமா சொல்லு தாயி.” இது கருவாடு. பார்வையில்லாத கடற்கரைக்காரர், பட்டப்பெயர் அவரே வைத்துக்கொண்டது.

“பூப்போட்ட பச்சை. கண்ணு தெரியாதவருக்கு ரொம்பத்தான் ஆசை. அண்ணன் குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருக்கு, அதான் இந்தத் தைரியம். எனக்குப் பொண்ணுங்களத்தான் பிடிக்கும்னு இன்னிக்குத்தான் சத்தமா சொல்றேன்.”

நூற்றுப் பதினாறு பேர் திரையில் கை அசைத்தார்கள்.

17:12

மீன்கொத்தி: “இங்க கரண்ட் போச்சு. மெஷின் பேட்டரியில ஓடுது. அரை மணி தாங்கும்.”

கவனித்துக்கொள்ளும் அம்மாவை இவளே ஆறு மணிவரை வெளியே அனுப்பியிருக்கிறாள், விழாவில் பேசுவதற்காக. அந்த அம்மாவின் எண்ணை வாங்கி அழைத்தேன். எடுக்கவில்லை.

முகவரி கேட்டேன்.

17:19

மீன்கொத்தி: “வண்டி சைரன் போட்டுட்டு வருமா? தெருவே உள்ள வந்துடும். இந்தத் திரைய, துப்பட்டாவ நான் எப்படி மறைப்பேன்?”

மறுபடி கேட்டேன். கருவாடும் கேட்டார்: “மானம் அப்புறம் பாத்துக்கலாம் தாயி, தெருப் பேரச் சொல்லு.”

17:26

“12, பிள்ளையார் கோயில் தெரு,”

அந்தக் காற்புள்ளியோடு இணைப்பு அறுந்தது. வீட்டு இணைய ஏற்பியின் மின்கலம் தீர்ந்திருக்கும்.

பதிவேட்டைத் திறந்தேன். இருப்பிடம்: அழிக்கப்பட்டது. எண்: அழிக்கப்பட்டது. என் பூட்டு நன்றாக வேலை செய்கிறது.

17:31

கடைசிச் சமிக்ஞை மூன்று ஆன்டெனாக்களிலும் வந்து சேர்ந்த நேர வித்தியாசம் மட்டும் மிச்சம். அதை வைத்துக் கணக்கிட்டேன். அறுபது கி.மீ. வட்டம். அதற்குள் பிள்ளையார் கோயில் தெருக்கள் இருநூற்றுப் பதினான்கு.

“எனக்கு நாப்பது தெரு குடுங்க” என்றார் கருவாடு. “வாயும் காதும் நல்லாத்தான இருக்கு.” மற்றவர்கள் மீதியைப் பிரித்துக்கொண்டு போனில் விசாரித்தார்கள். காது கேளாத ஐந்து பேர் தீயணைப்பு நிலையங்களுக்கு எழுதினார்கள். யுவராணி முப்பது எடுத்துக்கொண்டாள். எண்ணைப் பற்றிச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருக்கலாம்.

17:42

அரை மணி முடிந்தது. விசாரித்து முடித்த தெருக்கள் எழுபத்தொன்று. பன்னிரண்டாம் எண்ணே இல்லாத தெருக்கள் ஒன்பது. பழைய எண், புதிய எண் என்று இரண்டு பன்னிரண்டு உள்ளவை

எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

17:58

அந்த அம்மா எடுத்தார். “கோயில்ல இருந்தேன் சார், சைலன்ட்ல போட்டிருந்தேன், என்னாச்சு, என்னாச்சு சார்?”

ஓடச் சொன்னேன்.

18:09

“மூச்சு இல்ல சார். உடம்பு சூடாத்தான் இருக்கு. கண்ணு திறந்திருக்கு. டேப்லெட்ல ஊர் பேரு எழுதியிருக்கு, போகலன்னு காட்டுது.”

அண்ணன் எப்போது வருவார் என்று கேட்டேன். எட்டு மணிக்கு என்றார். டேப்லெட்டை அழித்துவிடுங்கள், துப்பட்டாவை உங்கள் பையில் வைத்து எடுத்துப்போய்விடுங்கள் என்றேன். “எதுக்கு சார்?” என்றார். அது அவளுக்குத் தெரியும் என்றேன்.

விழாச் சாளரத்தை மூடவில்லை. யாரும் வெளியேறவில்லை. கருவாடு மட்டும் பேசினார்: “பச்சை நைட்டி. பூப்போட்டது.”

ஜூன் 30. 10:20

உயரம், காற்று, நீர் பார்க்கவில்லை.

குழு மேல் தவறு என்று எழுத ஆரம்பித்த குறிப்பு இது. மேலே எதையும் திருத்தவில்லை. பட்டியலை வெளியே விட்டது அவர்கள். அவளை யாரும் தேடிப் பிடிக்க முடியாதபடி பூட்டியது நான். அடுத்து விழா நடத்துபவர்கள் அவசர எண் வாங்கிச் சீல் வையுங்கள். வேண்டாம் என்று என்னைப் போல ஒருவன் கத்தினால் கேட்காதீர்கள்.

முழுவதையும் யுவராணிக்கு அனுப்பினேன். பதில் வந்தது: “வெளியிடுங்க சார். ஆனா உங்க பேரைப் போடுங்க.”

என் பெயர் தெரிந்தால் நிலையம் தெரியும், அந்த வட்டம் தெரியும், அண்ணன் வீடும் தெரியும் என்று எழுதினேன்.

“அது பாதிதான் சார்.”

ஆமாம். மறுபாதி பயம். அக்கா இதைப் படித்துவிடுவாள் என்ற பயம். மீன்கொத்தி அந்தப் பயத்தை விட்டு முகவரி சொல்ல ஏழு நிமிடம் பிடித்தது. எனக்கு மூன்று நாள் ஆகியும் விடவில்லை.

நிலையத்தின் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். கையெழுத்து இல்லாமல் வெளியிடுகிறேன்.