சல்லிக் கடலில் இரத்தம்

ஞாயிறு, இரவு

கடலட்டை பிடிக்கச் சுழியோடி, ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் முள்ளந்தண்டு பழுதானது. அதன்பிறகு இன்றுதான் கடலில் இறங்கினேன். மச்சான் சுதன் என்னைத் தூக்கிப்போய், எங்கள் ஊரான சல்லியின் கரையோரம் நெஞ்சளவு தண்ணீரில் இருத்தினான். வயிற்றுக்கு மேலே மட்டும்தான் குளிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் இரத்தம் கலந்து வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சுதன், சிப்பி வெட்டிப்போட்டுது. பார்த்துக் கால் வைக்கத் தெரியாதே உனக்கு?"

அவன் தன் கால்களைப் பார்த்தான். பிறகு குனிந்து, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு காலைத் தூக்கிக் காட்டினான்.

"அத்தான், இது உங்கட கால்."

வீட்டில் மனைவி காயத்தைக் கழுவினாள். பழக்கத்தில், "நோகுதோ?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதும் அவள் முகம் செத்துப்போனது.

"ஓம், நோகுது" என்றேன்.

அவள் குனிந்து மெதுவாக ஊதிவிட்டாள்.