ஐந்துக்கு ஒன்று மதிலுக்கு

2006 ஒக்டோபர் 12, வியாழன்

காலையிலிருந்து மழை. சப்பாத்துக்குள் தண்ணீர். காலுறையை வகுப்பு ஹீற்றர் மேல் காயவைத்தேன். மணந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனாலும் நல்ல நாள். வரலாற்றுப் பாடத்தில் மதாம் லப்வாந்த் (இனி ம.ல.) நான் நூலகத்தில் எடுத்த குறிப்பை எல்லோருக்கும் வாசிக்கச் சொன்னார். நடுக்காலத்தில் மதில் கட்டக் காசில்லாத ஊர்கள் ராசாவிடம் பட்டயம் வாங்கும். பிறகு சந்தைக்கு வருகிற பொருளுக்கெல்லாம் வாசலில் வரி. உப்பு, தோல், கம்பளி, மீன், தேன், வெங்காயம். வெங்காயத்துக்குமா! சில வருடங்களுக்குத்தான் அனுமதி. மதில் முடிந்தும் வரியை விடாத ஊர்கள் இருந்தனவாம். பல இடங்களில் ஊர்க்காரருக்கு வரி இல்லை. வெளியார்தான் கட்டவேண்டும்.

ம.ல.வுக்கு உடனே யோசனை வந்துவிட்டது. அடுத்த வெள்ளி பெற்றோர் வரும் மாலையில் ஜிம்மில் நடுக்காலச் சந்தை. பக்கத்து வகுப்பு 'ஊரார்'. நாங்கள் 'வணிகர்', வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து விற்கவேண்டும். வாசலில் ஊரார் வரி எடுப்பார்கள். வரியாக எடுத்ததை விற்ற காசும் பெற்றோரின் நுழைவுக் காசும் ஒரே பெட்டியில். அந்தக் காசில் பஸ் பிடித்து, இரண்டு வகுப்பும் கியூபெக் நகரத்து மதிலைப் பார்க்கப் போகிறோம். மேலே ஏறி நடக்கலாமாம்!!

எவ்வளவு வரி என்று ம.ல. என்னிடம்தான் கேட்டார். ஐந்துக்கு ஒன்று என்றேன்.

வாங்கவேண்டியது: கறுப்பு மட்டை, பசை. சாக்குத்துணி (அப்பாவிடம் கேள்).

20, வெள்ளி

அம்மா வேலைக்குப் போகாமல் நின்று இறைச்சி ரோல் பொரித்தார். இரண்டு பெரிய தட்டு. வீடு, திரைச்சீலை, என் தலைமயிர் எல்லாம் எண்ணெய் வாசம். அப்பா காரின் யன்னலைத் திறந்துவிட்டு ஓட்டினார்.

ஜிம் வாசலில் மட்டையால் செய்த கோட்டை. சாம்பல் நிறக் கற்கள் நன்றாக வரைந்திருந்தார்கள். காவலுக்கு அனு, மட்டைத் தொப்பியோடு. அனு என் சிநேகிதி, பக்கத்து வகுப்பு, கர்க்லாண்ட் பக்கம் இருக்கிறாள், அவர்கள் வீட்டில் சென்னைத் தமிழ்.

"நில்! என்ன கொண்டு வந்திருக்க?"

அம்மா சிரித்துவிட்டார். "ரோல்ஸ் பிள்ளை. சூடாயிருக்கு, ஒண்டு சாப்பிட்டுப் பார்."

"ஐயோ ஆன்ட்டி, இது வரி. அஞ்சுக்கு ஒண்ணு எண்ணி எடுக்கணும்."

"எண்ணுறதோ? வேணுமெண்ட அளவு எடு பிள்ளை." அரைத் தட்டை அப்படியே ஊரார் பாத்திரத்தில் கொட்டினார்.

"அம்மா, விதி!" என்றேன்.

"சாப்பாட்டை எண்ணிக் குடுக்கிறதே? வெக்கக்கேடு."

ஊரார் மேசையில் முதலில் முடிந்தது எங்கள் ரோல்தான். ம.ல. மூன்று சாப்பிட்டார். அம்மா அதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். பெட்டி நிறைந்து மூடி மூடவில்லை. மதிலில் எத்தனை வாசல் என்று பார்க்கவேண்டும்.

24, செவ்வாய்

காசு ஒரு பஸ்ஸுக்குத்தான் போதுமாம்.

ஊரார் போகிறார்கள். வாசலை நடத்தியது அவர்கள், பெட்டியும் அவர்களுடையது, மதில் என்றாலே ஊராருக்குத்தானே என்று ம.ல. சொல்லிச் சிரித்தார். எங்கள் வகுப்புக்கு வணிகரின் லாபத்தில் பீட்சா. அவர்கள் போகிற அன்றைக்குப் படமும் காட்டுவார்கள்.

எல்லோரும் பீட்சாவுக்குக் கை தட்டினார்கள். எல்லோரும்.

கணக்குச் சோதனை: 17/20. கவனயீனம்.

25, புதன்

இடைவேளையில் ம.ல.விடம் போனேன். பட்டயங்களில் ஊருக்கும் அதைச் சுற்றியிருப்பவர்களுக்கும் பாதுகாப்பு என்றே எழுதுவார்கள் என்று புத்தகத்தைத் திறந்து காட்டினேன். இரண்டு வகுப்பும் என்று நீங்கள் சொன்னீர்கள் என்றும் சொன்னேன். அவசரத்தில் பிரெஞ்சில் ஆண்பால் பெண்பாலை மாற்றிச் சொல்லிவிட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார். இது விளையாட்டுத்தானே, கண்ணா என்றார்.

விளையாட்டு என்றால் பஸ் மட்டும் ஏன் நிஜம்? இது இப்போதுதான் தோன்றுகிறது.

அனு: "நான் என்னடி பண்றது? நானா ரூல்ஸ் போட்டேன்?"

அப்பா, ஹொக்கி பார்த்துக்கொண்டே: "நீயே சட்டம் எழுதிக் குடுத்திட்டு நீயே அழுறியோ?" பிறகு, "உந்த மதில் எங்கையும் ஓடாது. கோடைக்குக் கூட்டிக்கொண்டு போறன்." போன கோடையில் நயாகராவுக்கும் இப்படித்தான் சொன்னார்.

30, திங்கள்

பாடசாலையால் வீட்டுக்கு வர, அம்மாவின் முகம் முழுக்க வெளிச்சம்.

"உன்ர ரீச்சர் ஃபோன் எடுத்தவா! பஸ்ஸில போற பிள்ளையளுக்கு ரோல்ஸ் செய்து தரட்டாம். காசு தாறனெண்டவா. நான் வேண்டாமெண்டிட்டன்."

"அம்மா, நான் அந்த பஸ்ஸில போகேல்லை."

"தெரியும். அதுக்கு? வாய்விட்டுக் கேட்டவையை இல்லையெண்டு சொல்லுறதே? பிள்ளையள் சாப்பிடட்டும்."

"அதுகள் என்ர இடத்தில போகுதுகள்!"

"சும்மா கத்தாத. உருளைக்கிழங்கை உரி."

உரித்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

ஈரப் பனி. கீழே விழுந்ததும் கரைகிறது.

ஏழு மணிக்குத் தட்டோடு பஸ்ஸடியில் நின்றேன். வெள்ளித்தாளுக்குள்ளால் சூடு கையைச் சுட்டது. அனு வாங்குவதற்குப் படியால் இறங்கினாள். நான் விடவில்லை.

"நில். என்ன கொண்டு போறாய்?"

"விளையாடாதடி. பஸ் கிளம்பப் போகுது."

"ஐஞ்சுக்கு ஒண்டு. மதிலுக்கு."

தாளைத் திறந்து, சத்தமாக எண்ணி, ஐந்தாவது ஐந்தாவதாக எடுத்து என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். பத்து. யன்னலெல்லாம் முகங்கள். சாரதி ஹோர்ன் அடித்தார். அனு என்னைப் பார்க்காமல் பனியைப் பார்த்தாள்.

ம.ல. கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவேண்டும் என்றே நினைத்தேன். அவர் கை தட்டினார். பாடத்தை எவ்வளவு அழகாக உள்வாங்கியிருக்கிறாய் என்றார். என்னையும் பெட்டியையும் சேர்த்துப் படம் எடுத்தார்.

பஸ் போய்விட்டது.

பீட்சா ஆறியிருந்தது. படம் பென்குவின்களைப் பற்றியது. பெட்டியை நான் திறக்கவில்லை.

பின்னேரம் அம்மா கழுவுவதற்காகப் பையிலிருந்து எடுத்துத் திறந்தார். பத்து ரோல், எண்ணெய் உறைந்து வெள்ளையாக.

"மிச்சம் வந்திட்டுதோ?"

சொல்ல வாயெடுத்தேன்.

"உறைப்புக் கூடிப்போச்சு," என்றார். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, நின்றபடியே மென்று பார்த்தார். "பாவம், அதுகள் சின்னப் பிள்ளையள். நான்தான் யோசிச்சிருக்கவேணும்."