இறங்குற வளைவும் என் டர்போ வேகனும்

2005 பெப்ரவரி 13, ஞாயிறு

வேகன் வீட்டுக்கு வந்துவிட்டது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம், தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான எங்கள் கீழ்க்கணக்கே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பழைய டிஎக்ஸ் வேகன். எஞ்சின் செத்துவிட்டது, உடம்பு தேறும்.

டிராக்டர் ஓட்டும் மூக்கன் என்னோடு ஒன்றாம் வகுப்பில் இருந்தவன். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்: "என்னா பழனி, கோழிக்கூடு நல்லா பெருசா பாத்துதான் வாங்கியிருக்கே?" இருக்கட்டும். இவன் வாயாலேயே ஒரு நாள் பாராட்டு வாங்குவேன்.

பூரணி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எஞ்சின் எங்கங்க?" "வரும்" என்றேன். "கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இந்த 'வரும்' கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

எங்கள் சமையலறைக்கும் பேக்டரிச் சுவருக்கும் நடுவில் தகரம் போட்டு, வண்டியை அதற்குள் தள்ளினோம். தூள் சலிக்கும் அறையிலிருந்து காற்றை வெளியே தள்ளும் காற்றாடி நேர் மேலே இருக்கிறது. மழை படாது, அது போதும்.

பெப்ரவரி 20

ஹட்டனுக்குப் போய் தங்கை வினோதாவிடம் வண்டிக் கதையைச் சொல்லிவிட்டேன். தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

அவளுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது. ஊன்றுகோலோடு ஹட்டன் கடைத்தெரு முழுக்க நடப்பாள், சொந்தக் கடையில் இரண்டு பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறாள். ஆனால் நாங்கள் பிறந்த வீட்டுக்கு மட்டும் அவளால் போக முடியாது. அது மலை மேலே, மேல்கணக்கு லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறது. அம்மா அங்கேதான், மாட்டை விட்டு வரமாட்டாள். பாதி மலையில் ஒரு வளைவு, அதற்கு மேலே கல் பாவிய செங்குத்து ரோடு. எந்த வேன்காரனும் வளைவோடு நிறுத்தி, "இறங்குங்க" என்பான். அதனால் அதற்குப் பேரே இறங்குற வளைவு. மற்றவர்கள் நடப்பார்கள். வினோதாவை யாராவது முதுகில் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுந்து டிராக்டரில் ஏற்ற வேண்டும்.

கல்யாணத்தன்று கூறைப் புடவையோடு அவளை என் முதுகில்தான் இறக்கினேன். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தன், "பொண்ணு கொழுந்து மூட்டை மாதிரி வருது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு ஆறு வருடமாக மேல்கணக்குப் பக்கம் வரவில்லை.

இன்றைக்குச் சொன்னாள்: "மத்த பொம்பளைங்க புருஷனோட சண்டைன்னா கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போறாங்க. நான் கோவிச்சுக்கிட்டு எங்க போறது? வளைவுல நின்னு தூக்க ஆள் தேடவா?"

"எங்க வீடு இருக்கே" என்றேன்.

"அது அண்ணி வீடு. அங்க போனா விருந்தாடி."

மாப்பிள்ளை அழகுமுத்து பக்கத்தில் நின்று, பாவம், தலையைச் சொறிந்தார். தீபாவளிக்கு உன்னை அம்மா வாசலில் வண்டியிலேயே கொண்டுபோய் இறக்குவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வாய் எனக்கு எப்போதும் முன்னால்தான் ஓடும்.

மார்ச் 27

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் கால் தேயத் தேடி, கிடைத்துவிட்டது! வேனிலிருந்து கழற்றிய டர்போ டீசல் எஞ்சின், கியர்பொக்ஸோடு. நான் நுவரெலியாப் பக்கம் என்றதும், கடைக்கார முதலாளி சிங்களத்தில், "உடரட்டட்ட டர்போ ஓனமய்" என்று அவரே சொன்னார். மலைக்கு டர்போ இல்லாமல் முடியாதாம். அதைத்தானே நானும் சொல்கிறேன்! இங்கே மேலே காற்று மெலிசு, சாதாரண டீசல் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். டர்போ என்பது புகையின் வேகத்திலேயே சுற்றும் சின்னக் காற்றாடி, காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும்.

பூரணியிடம் இதை விளக்கினேன். "அப்ப உங்களுக்கும் ஒண்ணு வைக்கணும், நாலு படி ஏறுனா மூச்சு வாங்குறீங்க" என்றாள்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. புதுச் சட்டையில் கிரீஸ். ஏச்சு வாங்கினேன்.

மே 8

எஞ்சின் உட்கார மாட்டேன் என்று மூன்று வாரமாக அடம். அடியில் ஒயில் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறது. வெட்டி ஒட்டினேன், ஒழுகியது. மறுபடி வெட்டி ஒட்டினேன். பேக்டரி மெஷின்களை பதினெட்டு வருடமாகப் பழுது பார்க்கிறவன் நான், ஒரு தகரத் தொட்டிக்கா தோற்பேன்? சாயங்காலம் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

உட்கார்ந்துவிட்டது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

மே 29

டர்போ அழுத்தும் காற்று சூடாகிவிடும். அதைக் குளிரவைத்து அனுப்ப ரேடியேட்டர் மாதிரி ஒன்று உண்டு, இன்டர்கூலர். எஞ்சினோடு வந்தது, சுவரில் சாய்த்து வைத்தபடி இவ்வளவு நாளும் இந்தத் தகரக் கொட்டிலில்தான் கிடந்தது. இன்று முன்பக்கம் பொருத்திக் குழாய் இழுத்தேன். அழகாக இருக்கிறது, பல் கட்டின கிழவன் மாதிரி.

யூன் 12

ஓடுகிறது!! ஓடுகிறது!!

முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. சமையலறையில் பாத்திரமெல்லாம் ஆட, பூரணி கரண்டியோடு ஓடிவந்தாள். பிள்ளைகள் இரண்டும் குதிக்கின்றன. டர்போ விசில் அடிப்பதை எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். பூரணி தேங்காய் உடைத்தாள். "வரும்னீங்க, வந்துருச்சு" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம்.

யூன் 26

கோயில் ஏற்றத்திலேயே நின்றுவிட்டது. இறங்குற வளைவு இன்னும் எவ்வளவோ மேலே. அழுத்தி மிதித்தால் கறுப்புப் புகை, இழுவை இல்லை. மூக்கன் டிராக்டரில் பின்னால் வந்து ஹோர்ன் அடிக்கிறான். "கொசுவுக்கு மருந்து அடிக்கிறியா பழனி?"

வண்டியை ஓரமாக உருட்டி அவனுக்கு வழிவிட்டேன்.

யூலை 10

டீசல் பம்பைக் கழற்றி மாட்டியாச்சு. ரெண்டு தடவை. டர்போவைக் கழற்றிப் பார்த்தாச்சு, புதுசு மாதிரி சுத்துது. காத்து வடிகட்டி புதுசு. அப்புறம் என்னதான்டா ஒனக்குக் கேடு? சொல்லித் தொலையேன்!

சோறு போட வந்த பூரணிகிட்ட எரிஞ்சு விழுந்தேன். தட்டை வச்சிட்டுப் போயிட்டா. தீபாவளிக்கு எத்தனை மாசம் இருக்குன்னு எண்ணவே பயமா இருக்கு. வினோதாகிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?

யூலை 24

பூரணி பிள்ளைகளிடம்தான் சோறு கொடுத்தனுப்புகிறாள். நான் வண்டியைச் சாக்குப் போட்டு மூடிவிட்டேன்.

ஓகஸ்ட் 7

வினோதா கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுக்குக் கடை மூடுமுன் மெஷினின் ஊசிக்குக் கீழே தகட்டைக் கழற்றி, சின்னத் தூரிகையால் எதையோ நோண்டினாள். உள்ளேயிருந்து கம்பளி மாதிரி ஒரு கட்டி வந்தது. துணிப் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து இறுகினது.

"தெனமும் இத எடுக்கலேன்னா மெஷின் இழுக்காதுண்ணே. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது."

பஞ்சு! சலிக்கும் அறைக் காற்றாடி! தூளைச் சலிக்கும்போது பறக்கும் தேயிலைப் பஞ்சு மழை மாதிரி கொட்டுகிற இடத்தில், வாயைத் திறந்துபோட்டு மாதக்கணக்கில் கிடந்தது அந்த இன்டர்கூலர். எஞ்சினுக்குத் துணி கட்டினேன், டர்போவுக்குத் துணி கட்டினேன், அதை மட்டும் விட்டுவிட்டேன். நாள் முழுக்கப் பஞ்சை மூச்சாக இழுக்கிறவன் கண்ணுக்கு அது தெரியவேயில்லை.

டீயைக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடினேன். "என்னாச்சு இந்த மனுசனுக்கு?" என்று அவள் கத்தியது ரோடு வரைக்கும் கேட்டது.

ஓகஸ்ட் 8

கம்பளிச் சட்டை பின்னலாம், அவ்வளவு வந்தது! பழைய ஒயிலும் தேயிலைப் பஞ்சும் ஒட்டி, காற்றுப் போக வழியே இல்லை. மண்ணெண்ணெயில் நான்கு தடவை அலசினேன். பூரணி கிட்டே நின்று வாளி பிடித்தாள். சமாதானம் ஆகிவிட்டோம்.

ஓகஸ்ட் 14

நோர்வூட் ஏற்றத்தில் கொழும்பு பஸ்ஸை முந்தினேன். முந்தினேன்! பஸ்ஸிலிருந்த ஆள்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். மிதித்தால் சீட்டோடு சேர்த்து முதுகை அழுத்துகிறது. ராஜாடா நீ.

செப்டெம்பர் 11

நாலு நாளாக நல்ல வெயில். யாரிடமும் சொல்லாமல் தனியாக மேலே போனேன். இறங்குற வளைவில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, இரண்டாம் கியரில் ஏறிவிட்டது. அம்மா மாட்டுக்குப் புல் போட்டபடியே திரும்பிப் பார்த்தாள். "யாருடா அது, தொரையா?"

"நாந்தாம்மா, பழனியாண்டி!"

அம்மா பொனட்டைத் தொட்டுப் பார்த்தாள், சுட்டது. கையை உதறிக்கொண்டு, "வினோதாவ கூட்டியாடா" என்றாள்.

செப்டெம்பர் 18

வினோதா உடனே சம்மதிக்கவில்லை. கடைசியில் சொன்னாள்: "வர்றேண்ணே. ஆனா வளைவுல நின்னுபோச்சுன்னா அங்கேயே திருப்பிரணும். முதுகுல ஏறமாட்டேன். அதுக்குப் பொறவு என்னைய கூப்பிடவும் கூடாது."

சரி என்றேன். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

ஒக்டோபர் 31

மூன்று நாளாக விடாத மழை. மேல் ரோட்டுக் கல்லெல்லாம் பாசி. ஏன்டா மழையே, ஒனக்கு வேற ஊரே கெடைக்கலையா?

நவம்பர் 1, தீபாவளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், ஒன்றையும் விடக்கூடாது.

ஹட்டன் போய் அவர்களைக் கூட்டிவந்தேன். முன்சீட்டில் வினோதா, பச்சைப் புடவை. பின்னால் மாப்பிள்ளை, பூரணி, பிள்ளைகள் இரண்டு பேர். தூறிக்கொண்டிருந்தது. வளைவு வந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன், அவ்வளவுதான். பின்கதவுகள் இரண்டும் திறந்தன. எல்லாரும் இறங்கிவிட்டார்கள்! நான் சொல்லவேயில்லை. இத்தனை வருடப் பழக்கம், கால் தானாக இறங்குகிறது. "வினோதாவ மட்டும் கொண்டுபோங்க மச்சான், வண்டி லேசா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மிதித்தேன். பின்சக்கரம் பாசியில் சுற்றியது. எஞ்சினில் மலையையே இழுக்கிற சக்தி இருக்கிறது, சக்கரம் சும்மா சுற்றுகிறது! மறுபடி மிதித்தேன். வண்டி பின்னால் வழுக்கியது. டயர் கருகுகிற வாடை. மேல்கணக்கு ஆள்கள் குடையோடு வரிசையாக நின்று பார்க்கிறார்கள். என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

வினோதா ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்திருந்தாள். முன்னால் பார்த்தபடியே, "போதும்ணே. திருப்புங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம். மூக்கன், புதுச் சாரம் கட்டிக்கொண்டு, வாயில் முறுக்கு.

"அடேய் பழனி! எல்லாரையும் எறக்கிவிட்டா டயரு எப்படிடா ரோட்டப் புடிக்கும்? இரும்பெல்லாம் முன்னால வச்சிருக்கே, பின்னால ஒண்ணுமில்ல. ஏத்துடா எல்லாரையும்!"

சொன்னதோடு நிற்கவில்லை. பின்கதவைத் தூக்கி, சாரத்தை மடித்துக்கொண்டு அவனே முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தான். நான் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்: "ஏறுங்க! எல்லாரும் ஏறுங்க!" மாப்பிள்ளை ஏறினார், பூரணி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஏறினாள், இன்னும் இரண்டு ஆள்கள் மூக்கனோடு நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்பக்கம் அமுங்கியது.

மெல்ல மிதித்தேன். டயர் கல்லைக் கவ்வியது. டர்போ விசில் அடித்தது. ஏறியது! அவ்வளவு பேரோடும் ஏறியது! பின்னால் மூக்கன் கூரையைத் தட்டுகிறான், "போடு! போடு! நிப்பாட்டாத!" பூரணி முருகா முருகா என்கிறாள். மாப்பிள்ளை ஏனோ சிரிக்கிறார். வினோதா ஊன்றுகோலைக் காலடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வாசலில், படிக்கல்லை ஒட்டி நிறுத்தினேன். வினோதா தானாகக் கதவைத் திறந்தாள், தானாக இறங்கினாள், தன் காலில் உள்ளே போனாள். அம்மா அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான் வண்டியைப் பார்ப்பது மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். வெட்கமில்லை.

மூக்கன் வந்து தோளில் கை போட்டான். "நல்ல வண்டிடா பழனி" என்றான். எழுதி வைக்கிறேன்: மூக்கன் சொன்னான்.

நவம்பர் 2

உடம்பெல்லாம் வலி. பூரணி கோழிக் குழம்பு வைத்தாள். தூங்கினேன்.

2006 பெப்ரவரி 19

பேக்டரி ஒபீஸிலிருந்து ஆள் ஓடிவந்தான், தங்கச்சி போனில் என்று. பதறிப்போய் எடுத்தேன்.

"அண்ணே, வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க. நான் அவரோட கோவிச்சுக்கிட்டேன்."

தங்கை வீட்டில் சண்டை, அண்ணன்காரன் விசில் அடித்துக்கொண்டு போகிறான். கடை வாசலில் பையோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை என் காதில், "புடவைக் கலர் நல்லாயில்லன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன் மச்சான். நானும் வரவா?" என்றார். "நீங்க வந்தா அது கோவிச்சுக்கிட்டுப் போறதா?" என்று உள்ளேயிருந்து அதட்டல்.

மழைக்கென்று இப்போது பின்னால் மணல் மூட்டைகள் போட்டு வைத்திருக்கிறேன். எட்டிப் பார்த்தாள். "மூட்டைங்க பின்னால கெடக்கட்டும், நான் முன்னால உக்காந்துக்குறேன்" என்று ஏறினாள்.

அம்மா வாசலில் நிறுத்தியதும், "மாப்ள வரலியா?" என்று அம்மா கேட்டாள். வினோதா வண்டியிலிருந்தே, லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "புருஷனோட சண்டைம்மா. கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன்!" கல்யாணத்தன்றுகூட அவள் குரலில் இவ்வளவு பெருமையை நான் கேட்டதில்லை.

எத்தனை நாள் இருப்பாளோ தெரியாது. டீசல் இருக்கிறது. கோபம் தீரும்போது தீரட்டும்.