டமாரத்துக்குக் காது திறந்தது

என் வீட்டுக்காரிக்கு,

நேரில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மூக்கில் வளர்ந்த சதையை எடுத்தபோது டாக்டர் என்ன சொன்னார்? "மூக்குலருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது. வீக்கம் வத்தினா காதும் தெளியும்." அதை என் காதருகே கத்திச் சொன்னவளே நீதான். மூக்கிலிருந்து பஞ்சை எடுத்த பிறகும் காது மந்தமாகவே இருந்ததால், நாம் இருவரும் நம்பிக்கையை விட்டுவிட்டோம்.

நேற்று தைத்துக்கொண்டிருக்கும்போது கொட்டாவி விட்டேன். காதுக்குள் ஏதோ 'டப்' என்று திறந்தது. நம் மிஷின் இவ்வளவு சத்தம் போடுமா என்று பயந்து காலை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் உன் குரல் கேட்டது. பின்னால் காய் நறுக்கியபடி என் முதுகோடு பேசிக்கொண்டிருந்தாய். முதலில், "இந்த டமாரத்தக் கட்டிக்கிட்டு" என்று ஆரம்பித்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சொன்னாய்: "மார்ல இருக்குற கட்டி பெருசாகிட்டே போகுது. இதப் போயி தெருவுக்கே கேக்குற மாதிரி எப்படிக் கத்திச் சொல்றது?"

எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மறுபடி மிஷினை மிதித்தேன்.

நாளைக் காலை டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறோம். கிளம்பி இரு. இனி நீ மெதுவாகச் சொன்னாலே போதும்.

உன்
டமாரம்