மாடிக்கு ஒரு இன்டர்காம்

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் விடியற்காலையிலிருந்து மழை. ஆரியசாலைத் தெரு முழுக்கச் சேறு. மிளகாய் லோடு இறங்கவில்லை. இடுப்பு வலி வேறு.

மாடிக்கு ஓர் இன்டர்காம் வாங்கியே ஆக வேண்டும். நேற்று மேலே வீட்டில் என் மனைவி சிவகாமி குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்திருக்கிறாள். நான் நேர் கீழே, கடையில். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குக் குரல் இல்லை. வெறும் காற்றுதான். கூப்பிட்டிருக்கிறாள், யாருக்குக் கேட்கும்? வாளியைத் தட்டியிருக்கிறாள், மழையில் அதுவும் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிட ஏறிப் போனபோதுதான் பார்த்தேன். முழங்கை வீங்கியிருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லையாம்.

செல்போன் சரிப்படாது. குரல் போனதிலிருந்து அவள் அதைத் தொடுவதே இல்லை.

ஜூன் 12, வியாழன்

கழக்கூட்டம் ஊரிலிருந்து மகன் வந்தான். அங்கே ஐ.டி. வேலை. கையில் ஈரக் குடையும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியும்.

"பட்டன் ஒண்ணும் அமுக்காண்டாம்ப்பா. அம்மா பேசினா போதும், கடையில கேக்கும்."

அவனுக்கு உறைக்கவில்லை. "சும்மா பேசுங்கம்மா" என்றான். சிவகாமி குனிந்து பேசினாள். பெட்டி கம்மென்று இருந்தது. மறுபடி பேசினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல், கணீரென்று, இங்கிலீஷில்: புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்.

சிவகாமி அடுக்களைக்குப் போய்விட்டாள். மகன் "சாரிப்பா" என்றான். என்னிடம்.

என் காதும் மந்தம். இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டால் கையை உதறிவிட்டுப் போவாள். இப்போதெல்லாம் எங்களுக்குள் சைகைதான். அலுப்பு. இரண்டு பேருக்கும்.

ஜூன் 14, சனி

மழை விட்டது. சாலை பஜாரில் எலெக்ட்ரிக்கல் கடை. கைக்கட்டோடு அவளும் வந்தாள்.

மலையாளிக் கடைக்காரர் திரை வைத்த ஒன்றைக் காட்டினார். "அண்ணாச்சி, இது எடுத்தோ. வீடியோ உண்டு. சேச்சி அடுக்களைல நிக்கறது கடையில இருந்தே காணலாம்."

சிவகாமி என் பேனாவைப் பிடுங்கி, கிடந்த அட்டையில் எழுதினாள்: நான் என்ன, கேமரா போட்ட குடோனா?

நானும் கடைக்காரரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

இருப்பதிலேயே எளிய செட்டாகப் பார்த்தோம். ஒயர் போட்டது, இரண்டு ரிசீவர். குளியலறைக்குத் தனியாக ஒரு பெல் சுவிட்ச். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "சேச்சிக்கு சத்தம் இல்லல்லோ. பெல்லு மட்டும் போதாதோ? ரிசீவர் எதுக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் சிவகாமி ரிசீவரை எடுத்து அவளே பைக்குள் வைத்தாள்.

ஜூன் 16, திங்கள்

ஆள் வந்து சுவரைத் துளைத்தான். காலை முழுக்கத் தூசி, தும்மல். குளியலறை பெல் நன்றாக அடிக்கிறது.

மத்தியானம் கடை இன்டர்காம் அடித்தது. எடுத்தேன்.

"கேக்குதா?"

காதுக்குள் அவள். காற்றுதான். ஆனால் ஓர் எழுத்து விடாமல் கேட்டது. வெளியே லாரிக்காரன் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். மறு காதைப் பொத்திக்கொண்டேன்.

"கேக்கு, சிவகாமி. நல்லாக் கேக்கு."

என் குறைகளை வரிசையாக ஆரம்பித்தாள். கேஸ் சிலிண்டர் புக் பண்ணவில்லை. மகனுக்குப் பெண் பார்க்கும் விஷயத்தை அவளைக் கேட்காமல் என் தங்கையிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் யார் வந்தாலும் அவளுக்கும் சேர்த்து நானே பேசினேன். நானும் விடவில்லை, எதிர்த்துச் சொன்னேன். ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் சண்டை. பாலராமபுரத்து வியாபாரி ஒருவர் எதிரில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"விழுந்து கெடக்கவகிட்ட, பாத்து நடக்கக் கூடாதான்னு கேட்டீயளே. வலிக்கான்னு ஒரு வார்த்த கேட்டீயளா?"

"வலிக்கா?" என்றேன்.

"வலிக்கு. இன்னும் வலிக்கு. வச்சிராதீய, நான் இன்னும் முடிக்கல."

வைக்கவில்லை. பாலராமபுரத்துக்காரர் போய்விட்டார்.